மாரித்தாய் எடுத்துப்போகும் துணிகள்

1936 ஜூலை 6, திங்கள்

விடியற்காலம் பெண் பிறந்தாள். குத்துக்கல்வலசையில் அண்ணன் வீட்டுப் பின்கட்டில் கிடக்கிறேன். வெளியே விடாத சாரல். அம்மா இல்லாத வீடு. மதினி பார்வதியம்மாள்தான் எல்லாம். அவளும் வாயும் வயிறுமாக இருக்கிறாள், பாவம்.

மூன்று நாளைக்குச் சீம்பால் ஆகாது, பீய்ச்சி ஊற்றிவிடு என்கிறாள். ஊற்றினேன். பிள்ளைக்குத் துணித்திரியில் சீனித்தண்ணீர்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் பிறந்தவனுக்கும் இப்படித்தான். ஐந்தாம் நாள் போய்விட்டான். ஏன் என்று யாருக்கும் தெரியவில்லை. அதனால்தான் இந்த நோட்டு. என் வீட்டுக்காரர் அம்பாசமுத்திரம் போலீஸ் ஸ்டேஷனில் டைரி எழுதுகிறார். நான் இங்கே எழுதுகிறேன். இந்தத் தடவை ஒன்றையும் பார்க்காமல் விடமாட்டேன்.

பிள்ளைக்குச் சுற்றிய துணி: மலம் ஒன்று, கருப்பாய், தார் மாதிரி. ஈரம் மூன்று.

ஜூலை 7, செவ்வாய்

ஈரம் ஐந்து. கூடியிருக்கிறது. மனசு கொஞ்சம் நிமிர்ந்தது.

ஆனால் பிள்ளை அழவே மாட்டேன் என்கிறாள். "தங்கமான பிள்ளை, எப்படித் தூங்குதா பாரு" என்கிறாள் மதினி. தூங்குகிறாளா, சோர்ந்து கிடக்கிறாளா?

ஜூலை 8, புதன்

பேறுகாலத் துணி வெளுக்கும் மாரித்தாய் காலையில் வந்தாள். என் வயதுதான் இருக்கும், இடுப்பில் பத்து மாதப் பிள்ளை. துணிகளை ஒவ்வொன்றாய்த் தூக்கிப் பார்த்தாள், மோந்து பார்த்தாள்.

"தாயி, பிள்ளை மோளவே இல்லியா?"

"நேத்து மட்டும் அஞ்சு துணி நனைஞ்சிருக்கே."

"இது சாரல் நசநசப்பு. கயித்துல காயாம கெடந்ததை எடுத்துச் சுத்தியிருக்கீய. மூத்திரம்னா நடுவுல கனக்கும், வாடை இருக்கும். இதுல ஒண்ணுதான் மூத்திரம். அதுலயும் பாருங்க, செங்கல்பொடி மாதிரி கறை. வயித்துக்குள்ள தண்ணி இல்ல."

ஐயோ — இரண்டு நாளாய் நான் எண்ணியது மழையையா?

"உன் பிள்ளைக்கு என்ன குடுத்தே?" என்று கேட்டேன்.

"சீனி வாங்க வழி ஏது தாயி. பிறந்த அன்னைக்கே என் பாலுதான்."

மதினியிடம் சொன்னேன். "இன்னைக்கு ஒரு நாளுதானட்டி பாக்கி. சீம்பால் குடுத்து வயித்தால போச்சுன்னா யாரு பதில் சொல்லுதது?" என்றாள். அவளும் பயந்துதான் சொல்கிறாள். கதவைச் சாத்தித் தாழ் போட்டேன். அவள் பேச்சை நான் தட்டியது இதுதான் முதல் தடவை.

பிள்ளை வாய் வைக்கவில்லை. உள்ளங்காலைச் சுண்டினேன். கன்னத்தைத் தட்டினேன். எனக்கு அழுகை வந்துவிட்டது. குடியேன்ட்டி, என் தாயே, ஒரு வாய் குடியேன் —

பிடித்தாள்.

ஜூலை 9, வியாழன்

மதினி முகம் கொடுத்துப் பேசவில்லை. சோறு மட்டும் வருகிறது.

இனி துணியை அடுப்பு அனலில் வாட்டி, என் கன்னத்தில் வைத்துப் பார்த்த பிறகுதான் சுற்றுகிறேன். ஈரம் இரண்டு. இரண்டும் நிஜம். மாலையில் கரும்பச்சையாய் ஒன்று.

ஜூலை 10, வெள்ளி

ஐந்தாம் நாள். எழுத ஓடவில்லை.

ஈரம் நான்கு. அழுகிறாள், நன்றாகவே அழுகிறாள்.

ஜூலை 12, ஞாயிறு

ஈரம் ஏழு. மஞ்சளாய் மூன்று. கறை இல்லை. மாரித்தாய் மூட்டையைத் தூக்கிப் பார்த்து, "இப்பதான் தாயி கனக்கு" என்றாள். துணியை அவள் இடுப்புப் பிள்ளை இழுக்க, அதற்கு ஒரு செல்லத் தட்டு. எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்து எத்தனை நாளாயிற்று.

ஜூலை 20, திங்கள்

எண்ணுவதை விட்டுவிட்டேன். துணிதான் போதவில்லை. அண்ணன் ஐந்தருவிக்குக் குளிக்கக் கட்டிக்கொண்டு போக வைத்திருந்த வேட்டியும் கிழிபட்டாயிற்று.

மதினி தன் பழைய சுங்குடிச் சேலையை எடுத்துவந்து பக்கத்தில் உட்கார்ந்து கிழித்தாள். ஒரு துண்டை வாட்டி, கன்னத்தில் வைத்துப் பார்த்து, அவளே பிள்ளைக்குச் சுற்றினாள். சுற்றி முடித்துக் கேட்டாள்: "அந்தச் செங்கல்பொடிக் கறை... ஓரமா, இளஞ்செவப்பா இருக்குமா?"

"ஆமா மதினி."

"தங்காமப் போச்சே என் மூணாவது பிள்ளை, அது துணியில கெடந்துச்சு. உடம்புச் சூடுன்னு நெனச்சேன்."

அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். அவள் எழுந்துபோகும்போது, வாசல்நிலையைப் பிடித்து நின்று சொன்னாள்:

"ஐப்பசியில எனக்கு நாள். நீ இங்கன வந்திரு. அண்ணன்கிட்டயும் சொல்லிரு, சீனி வாங்காண்டாம்."