நம்மைக் குறை சொன்ன ஒரே விமர்சனம்

மச்சான், இன்று பெட்டாலிங் ஜெயாவில் ஒரு இசைத்தட்டுக் கடைக்குள் மழைக்கு ஒதுங்கினேன். வாசலுக்குப் பக்கத்திலேயே நம் ஆல்பத்தை நிறுத்தி வைத்திருந்தார்கள். அட்டையில் உன் முகத்துக்கு மேலே மஞ்சளாக ஒரு வட்ட ஸ்டிக்கர். மரணத்தை எதிர்கொண்ட கைகளின் கடைசித் தாளம் என்று அதில் ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. நகத்தால் சுரண்டிப் பார்த்தேன், வரவில்லை. கடைக்காரப் பெண் பார்த்துவிட்டு, வாங்குகிறீர்களா அங்கிள் என்று கேட்டாள். மழையிலேயே வெளியே வந்துவிட்டேன்.

'ரெண்டாம் கியர்' என்ற அந்த ஆல்பம் வெளிவந்தபோது இந்த மாதிரிக் கடை ஒன்றுகூட அதை வாங்கி வைக்கவில்லை. அது உனக்குத் தெரியும். அதற்குப் பிறகு நடந்தது உனக்குத் தெரியாது. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன், சொல்லி ஆகப்போவது ஒன்றும் இல்லை என்றாலும்.

சாலாக் செலாத்தானில் உன் ஒர்க்‌ஷாப்பில், ஞாயிற்றுக்கிழமைகளில் கார்களை வெளியே தள்ளிவிட்டு நாம் வாசிக்கத் தொடங்கியபோது யாருக்கும் தலை நரைத்திருக்கவில்லை. நான் கித்தாரும் பாட்டும். நம் பாஸ் கித்தார்காரன் டயர் அடுக்குக்குப் பக்கத்தில் நிற்பான். நடுவில் நீ, டிரம்ஸோடு. அக்கம்பக்கத்துச் சீனர்கள் சத்தம் தாங்காமல் கதவைச் சாத்திக்கொள்வார்கள். கிள்ளானில் கல்யாண மண்டபம், பிரிக்பீல்ட்ஸில் சங்கத்து விழா என்று எங்கே வாசித்தாலும், மேடையை விட்டு இறங்கியதும் யாராவது ஒரு பெரிய மனிதர் வந்து தோளில் தட்டுவார். நம் பிள்ளைகள் இந்த மாதிரி வாசிப்பதே பெரிசு லா என்பார். உனக்கு அந்த வார்த்தையைக் கேட்டாலே முகம் மாறிவிடும்.

"வாசிக்கிறதே பெரிசுன்னா, எப்படி வாசிச்சோம்னு யாரும் கேக்கலன்னு அர்த்தம்" என்று வேனில் ஏறும்போது சொல்வாய்.

பிறகு உன் வலக்கை நடுங்கத் தொடங்கியது. முதலில் ஸ்பானர் நழுவியது, அப்புறம் டிரம்ஸ் குச்சி. டாக்டர் நோயின் பெயரைச் சொன்ன வாரமே எங்களைக் கூப்பிட்டு, கை முழுதாகப் போவதற்குள் ஒரு புது ஆல்பம் போட வேண்டும் என்றாய். டிரம்ஸுக்கு மட்டும் வேறு ஆளை வைக்கலாமா என்று பாஸ்காரன் தயங்கித் தயங்கிக் கேட்டான். நீ டிரம்ஸுக்குப் பின்னால் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டாய், அவ்வளவுதான். ஒலிப்பதிவு செய்தவர் உன் தாளத்தைக் கம்ப்யூட்டரில் நேராக்கித் தருகிறேன் என்றதற்கும் சம்மதிக்கவில்லை. நோயைப் பற்றி வெளியே மூச்சு விடக்கூடாது என்றாய்.

விமர்சனங்கள் வந்தன. ஒரு பத்திரிகை நம்மை மூத்த இன்னிசைக் குழு என்று வாழ்த்தி, என் படத்துக்குக் கீழே உன் பெயரைப் போட்டது. ஒரு வானொலி அறிவிப்பாளர் முதல் பாட்டில் பாதியை ஒலிக்கவிட்டு நம் விடாமுயற்சியைப் பாராட்டினார். ஓர் இணையதளம், மனத்தை நெகிழ வைக்கும் பழைய நினைவுகள் என்றது. எல்லாமே புதுப் பாட்டுதானே, இதில் பழைய நினைவு எங்கே வந்தது என்று கேட்டாய்.

இணையத்தில் விமர்சனம் எழுதும் ஒரு பையனும் நம்மைப் பற்றி எழுதியிருந்தான். அதை நீ பிரிக்பீல்ட்ஸில் வாழை இலைச் சாப்பாட்டுக் கடையில் படித்தாய். நீ கையில் பிடித்தால் எழுத்து ஆடும் என்பதால் போனை மேசையில் வைத்திருந்தேன். நான்காவது பாட்டில் டிரம்ஸ் ஒவ்வொரு முறையும் பிந்தி வருகிறது என்று எழுதியிருந்தான். மற்ற இருவரும் அது காதில் விழாததுபோல நடிக்கிறார்கள், தங்கள் டிரம்மரிடம் உண்மையைச் சொல்லத் துணியாத குழுவை எப்படி நம்பிக் கேட்பது என்று கேட்டிருந்தான். கடைசிப் பாட்டில் மட்டும் நடிப்பை விட்டுவிட்டு மூவரும் சேர்ந்தே மெதுவாகிறார்கள், அந்த ஒரு பாட்டுக்காக இந்த ஆல்பத்தை வைத்துக்கொள்வேன் என்று முடித்திருந்தான்.

நீ படித்து முடித்து, மறுபடி மேலே போய் முதலிலிருந்து படித்தாய். இலையில் சோறு அப்படியே இருந்தது.

"இவன் ஒருத்தன்தான்டா கடைசி வரைக்கும் கேட்டிருக்கான்" என்றாய்.

எனக்கு ஆத்திரம். உன் உடம்பைப் பற்றி அவனுக்கு எழுதப் போகிறேன் என்றேன். நீ என் போனை உன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டாய்.

"சொன்னா பாவம்னு மாத்தி நல்லா எழுதுவான். அப்புறம் அவனும் இல்லாம போயிடுவான் எனக்கு."

நான்காவது பாட்டை மெதுவாக்கி மறுபடி பதிய வேண்டும் என்று அதற்குப் பிறகு ஒரே பிடியாக நின்றாய். ஒரு ஞாயிற்றுக்கிழமை முயன்றோம். குச்சி விரலில் நிற்கவில்லை. குச்சியைக் கையோடு சேர்த்து டேப் சுற்றிக் கட்டிப் பார்த்தோம். பாதியில் நிறுத்தி, நீயே டேப்பைப் பல்லால் கிழித்து எடுத்தாய். அதுதான் கடைசி. பிறகு குளியலறையில் விழுந்தாய். படுக்கையில் இருக்கும்போதே நெஞ்சில் சளி கட்டியது. மழைக்காலம் முடியும் முன்னே போய்விட்டாய்.

உன் நோய் என்ன என்று உன் மனைவி கேட்டவர்களுக்குச் சொன்னார். சொல்லாமல் எப்படி இருப்பார்? அது பரவியதும் எல்லாரும் ஆல்பத்தை மறுபடி கேட்டார்கள். அந்த நான்காவது பாட்டைத்தான் கேட்டார்கள். நீ திருத்த நினைத்த ஒவ்வொரு அடியையும் காவியம் என்றார்கள். வானொலியில் அதையே திரும்பத் திரும்பப் போட்டார்கள். கடைசிப் பாட்டை யாரும் போடவில்லை.

கிள்ளானில் உன் வீட்டில் பதினாறாம் நாள் காரியம் நடந்தபோது அந்தப் பையனும் வந்திருந்தான். ஒல்லியாக, கண்ணாடி போட்டுக்கொண்டு, செருப்புகளுக்குப் பக்கத்திலேயே தயங்கி நின்றான். நான்தான் போய்ப் பேசினேன். தெரியாமல் எழுதிவிட்டேன் என்று அழுதான். அந்த விமர்சனத்தை இணையத்திலிருந்து எடுத்துவிட்டதாகவும், புதிதாக ஒன்று எழுதிப் போட்டிருப்பதாகவும் சொன்னான்.

"தம்பி, பழசையே திரும்பப் போடுங்க. நீங்க சரியாத்தான் எழுதியிருந்தீங்க" என்றேன்.

நான் பெருந்தன்மையாகப் பேசுகிறேன் என்று நினைத்து என் கையைப் பிடித்துக்கொண்டான். நீ அதைச் சாப்பாட்டுக் கடையில் இரண்டு தடவை படித்ததையும், அந்தப் பாட்டை மறுபடி பதிந்து திருத்தப் பார்த்ததையும் சொன்னேன். அவன் முகம் இன்னும் வெளுத்துப் போனது.

"முடியாது அங்கிள். எல்லாம் தெரிஞ்ச பிறகும் அதை விட்டு வச்சா, நான் மனுஷனான்னு கேப்பாங்க."

அவன் மேல் குற்றம் இல்லை. நல்ல பையன். நீ சொன்னபடியே, அவனும் இல்லாமல் போய்விட்டான். புதிதாக எழுதியிருப்பதைப் படித்தேன். ஸ்டிக்கரில் இருந்த வரி அதிலிருந்து எடுத்து ஆங்கிலமாக்கியதுதான்.

பழைய விமர்சனம் இப்போது எங்கேயும் இல்லை. அன்று போனில் பிரதி எடுத்து வைக்கத் தோன்றவில்லை. ஒருமுறை பாஸ்காரனிடம் நினைவிலிருந்து சொல்லிக் காட்டினேன். பாதியில் எழுந்து போய்விட்டான். அவன் இப்போது கித்தாரைத் தொடுவதே இல்லை. நான் மட்டும் கார் ஓட்டும்போது வாய்க்குள் சொல்லிப் பார்க்கிறேன். கொஞ்ச நாளாக அதில் ஒரு வார்த்தை தடுமாறுகிறது. 'பிந்தி வருகிறது' என்று எழுதியிருந்தானா, 'தயங்கி வருகிறது' என்றா? இரண்டு விதமாகவும் சொல்லிப் பார்த்துவிட்டேன். எது சரி என்று கேட்க நீ இல்லை.