பூசணத்துக்கு வெல்லத் தண்ணீர்

ஜூலை 4

கோர்தோ, என் குண்டா, கேட்டால் எழுந்து வந்து திட்டுவாய். எனக்கு வேலை கிடைத்திருக்கிறது. பூசணம் வளர்க்கும் வேலை.

ஆமாம், பூசணம்தான். காயப்போட்ட காபிக் கொட்டையில் ஒரு புள்ளி தெரிந்தாலும் அன்று முழுக்க யாரோடும் பேசமாட்டாயே, அதே சாதி. மார்ச் மாதம் உலர்களத்தில் வாரியைச் சாய்த்து வைத்துவிட்டு, கொஞ்சம் மூச்சு வாங்குது என்று உட்கார்ந்தவன், எழுந்திருக்கவே இல்லை. இருந்திருந்தால் என்னை இதற்கு விட்டிருப்பாயா?

பேசி ஆற்றிக்கொள் என்றார் பாதிரியார். பேசினால் பக்கத்து வீட்டு தெயானிராவுக்குக் கேட்கிறது. கேட்டுக்கொண்டு சும்மா இருந்தாலும் பரவாயில்லை, உனக்குப் பதிலாக அவளே பதில் சொல்கிறாள். அதனால் எழுதுகிறேன். இரண்டாம் வகுப்புக் கையெழுத்து. பொறுத்துக்கொள்.

ஜூலை 8

பெண்கள் சங்கம் பழைய உரக் கிடங்கை எடுத்திருக்கிறது. சொல்லித்தர நெய்வா பல்கலைக்கழகத்திலிருந்து யூரானி என்று ஒரு பெண் வந்திருக்கிறாள். நம் மகன் ஆர்பெயை விடச் சின்னவள். "டாக்டரம்மா" என்றால் "நான் டாக்டர் இல்லைங்க" என்கிறாள். படித்தவர்களை இங்கே வேறு எப்படிக் கூப்பிடுவதாம்?

வேலை இதுதான். காபிப் பழத்தை உரித்தபின் வரும் தோலை, ஆமாம், நீ மூக்கைப் பிடித்துக்கொண்டு ஆற்றோரம் கொட்டுவாயே அதை, காயவைத்து, தவிடு கலந்து, ஆவியில் வேகவைத்து, ஆறவிடுகிறோம். அதன்மேல் கறுப்புப் பூசணத் தூளைத் தூவித் தட்டுகளில் பரப்பி, கதகதப்பான அறையில் அடுக்குகிறோம். பூசணம் தோலைத் தின்னும். தின்பதற்காக ஒரு சாறு விடும். அந்தச் சாறுதான் என்சைம். தட்டை ஊறவைத்துப் பிழிந்து எடுத்து, உரித்த கொட்டை கிடக்கும் தொட்டியில் ஊற்றினால் கொட்டைமேல் ஒட்டியிருக்கும் கொழகொழப்பு, விடிய விடிய ஊறாமலே, சீக்கிரம் கரைந்துவிடுமாம்.

ஆக, காபியின் குப்பையைத் தின்றுவிட்டு காபிக்கே குளிப்பாட்டி விடுகிறது. நம் ஊரில் இவ்வளவு பொறுப்பான ஆள் ஒருவரும் இல்லை.

ஜூலை 16

ஆர்பெய் போகோட்டாவிலிருந்து கூப்பிட்டான். தோட்டத்தை விற்றுவிட்டு வந்துவிடு என்கிறான். நீ இல்லாமல் தோட்டத்துக்குக் கூலி ஆள் வைக்க வேண்டியிருக்கிறது. கூலி இந்தச் சம்பளத்திலிருந்துதான். அது நின்றால் தோட்டமும் நின்றது.

"பூசணம்தானேம்மா? எங்க குளியலறைச் சுவரு பூரா இருக்கு. இங்க வந்து வளத்துக்கோ."

உன் பிள்ளைதான், சந்தேகமே இல்லை.

அறுவடை தொடங்கும்போது கூட்டுறவுக்காரர்கள் சாற்றைச் சோதிப்பார்களாம். வேலை செய்தால் கொட்டகை நீடிக்கும். இல்லையென்றால் பழையபடி உர மூட்டை. எனக்கு போகோட்டாவில் ஆர்பெயின் ஏழாவது மாடி.

ஜூலை 23

முளைத்துவிட்டது! வெள்ளையாக, பூனைக்குட்டியின் வயிறு போல. யாரிடம் போய்ச் சொல்ல?

ஆகஸ்ட் 3

அந்த வெள்ளையோடு சரி. அதற்குமேல் வளர மனமில்லாமல் சாம்பல் நிறத்தில் அங்கங்கே மெலிந்து கிடக்கிறது. யூரானி ஒரு வாரம் நெய்வாவுக்குப் போயிருக்கிறாள். "அப்படியேதான் இருக்கும், ஈரம் மட்டும் பாத்துக்கோங்க தோன்யா உபால்தினா" என்று என்னிடம் மரியாதையாகச் சொல்லிவிட்டுப் போனாள். அவளுக்கென்ன? பெற்றவளா, வளர்த்தவளா?

கோர்தோ, நான் இன்னும் இரண்டு பேருக்குத்தான் வெல்லத் தண்ணீர் கொதிக்கவைக்கிறேன். கை அளவு மாறமாட்டேன் என்கிறது. உன் பங்கை இத்தனை நாளும் வாழை மரத்தடியில் ஊற்றினேன். இன்று ஆறவைத்துக் கொண்டுபோய்த் தெளிப்பானில் நிரப்பி, தட்டுக்கெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக அடித்தேன். காய்ச்சல்காரனுக்கு, பிள்ளை பெற்றவளுக்கு, வழி கேட்டு வந்தவனுக்கு, யாருக்குத்தான் நாம் அதைக் கொடுக்கவில்லை? பூசணம் மட்டும் என்ன பாவம் செய்தது?

ஆகஸ்ட் 9

பார்க்க வேண்டுமே நீ! தட்டு நிரம்பி விளிம்புக்கு மேல் எழும்பி, கம்பளி விரித்த மாதிரி. தினமும் உன் பங்கு அதற்குத்தான். யூரானி வந்து பார்த்து வாயைப் பிளந்தாள். "என்ன மாயம் பண்ணீங்க?"

"அன்பா பாத்துக்கிட்டோம் டாக்டரம்மா" என்றாள் தெயானிரா, ஏதோ தானே பெற்றுப்போட்ட மாதிரி. அவளும் அங்கேதான் வேலை செய்கிறாள். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

ஆகஸ்ட் 21

கூட்டுறவுக்காரர்கள் பார்வையிட வந்தார்கள். ஒவ்வொருவரும் ஒரு தட்டை ஏந்திப் படம் எடுத்துக்கொண்டார்கள், ஞானஸ்நானப் பிள்ளையை ஏந்துவது போல. தலைவர், "இந்தப் பெண்களின் கைராசி" என்று நெடுநேரம் பேசினார். வியாகுல மாதா படத்துக்கு முன் ஒரு தட்டை வைத்துவிடுவார்களோ என்று பயந்தேன்.

செப்டம்பர் 1

பிழிந்தோம். இரண்டு வாளியில் உரித்த கொட்டை. ஒன்றில் நம் சாறு, ஒன்றில் வெறும் தண்ணீர். மதியச் சாப்பாடு முடிந்து வந்து கையை விட்டுப் பார்த்தால் இரண்டும் ஒரே வழவழப்பு. சாயங்காலமும் அப்படியே. எது சாறு, எது தண்ணீர் என்று யூரானியே மறந்துபோய், வாளியில் கட்டிய சீட்டைத் திருப்பிப் பார்த்தாள்.

அவ்வளவு அழகான தட்டு. உள்ளே ஒன்றுமே இல்லை.

செப்டம்பர் 2

யூரானி தோலைக் குற்றம் சொன்னாள், பிறகு மழையை, பிறகு பல்கலைக்கழகம் தந்த விதைத் தூளை. சாப்பிடவில்லை. காரணம் என்னவென்று எனக்குத் தெரிந்தால்தானே சொல்ல.

செப்டம்பர் 5

எறும்பு காட்டிக்கொடுத்துவிட்டது. சுவரோடு கறுப்புக் கோடாக வந்து நேரே பிழியாமல் மிச்சமிருந்த தட்டுக்குள் போகிறது. யூரானி குனிந்து பார்த்தாள், முகர்ந்தாள், வெள்ளை மேலங்கியை அவிழ்த்துப் போட்டுவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

"பூஞ்சைத் தட்டுல எறும்புக்கு என்னங்க வேலை? யாரு இனிப்பு போட்டது?"

வாயைத் திறந்தேன். அதற்குள் தெயானிரா அழ ஆரம்பித்துவிட்டாள். "நான்தான் டாக்டரம்மா. பாக்கப் பாவமா இருந்துச்சு. சாயங்காலம் வெல்லத் தண்ணி கொஞ்சம்..."

"ஏன்டி, நீயுமா?" என்றேன்.

"அப்ப நீயும் ஊத்துனியா? அடிப்பாவி, நான்தான் வளத்தேன்னு ஊரெல்லாம் சொல்லிவச்சிருக்கேனே!"

"நான் காலைல. வெறும் வெல்லத் தண்ணி."

"நான் பட்டை தட்டிப்போட்டுக் கொதிக்கவச்சேன். குளிரா இருந்துச்சே, சளி பிடிச்சிடுமேன்னு."

யூரானி இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள். அழுகிறாள் என்று நினைத்தேன். தோள் குலுங்கியதைப் பார்த்தால் சிரிப்பு. பிறகு பொறுமையாகச் சொன்னாள்: "சர்க்கரை சும்மாவே கிடைக்குதுன்னா அது எதுக்குங்க தோலைக் கடிக்கப் போகுது? பசிச்சாத்தான் சாறு விடும். நீங்க ஊட்டுன ஊட்டுல நல்லாக் கொழுத்துப்போயி வேலையை விட்டுடுச்சு."

ஞாயிற்றுக்கிழமை மதியம், பன்றி வறுவல் முடிந்து ஊஞ்சல் படுக்கையில் நீ. அப்படியே கண்முன் வந்தாய்.

செப்டம்பர் 6

எல்லாம் என்னாலதான். தெயானிராவாலயும்தான், ஆனா அவ வீட்டுல புருஷன் பென்ஷன் வருது, எனக்கு என்ன வருது? ஏழாவது மாடி வருது. ஒரு வாய் கொடுத்தது குத்தமா? கொடுக்காம இருக்கறது எப்படின்னு எவ எனக்குச் சொல்லிக்கொடுத்தா? நீயும் இல்ல. கேக்கறதுக்கும் ஆளில்ல.

செப்டம்பர் 9

சோதனை அடுத்த மாதம் பத்தாம் தேதி. அதற்குள் இன்னொரு விளைச்சல் எடுக்கலாம், ஒன்றே ஒன்று.

செப்டம்பர் 19

புதுத் தட்டுகள். ஈரமும் கதகதப்பும் மட்டும். தெயானிராவுக்கு நான் காவல், எனக்குத் தெயானிரா காவல். காலையில் உள்ளே வரும்போது இரண்டு பேரும் ஒருவர் தண்ணீர்க் குடுவையை ஒருவர் முகர்ந்து பார்க்கிறோம்.

"கிட்ட போயி நிக்காத. உன் மூஞ்சியப் பாத்தாலே அதுக்கு அழுகை வருது" என்கிறாள்.

செப்டம்பர் 27

மெலிந்து, சாம்பல் பூத்து, திட்டுத் திட்டாக. யாரும் படம் எடுக்க வரவில்லை. யூரானிக்கு மட்டும் முகம் மலர்ந்திருக்கிறது. "அசிங்கமா இருக்கு, அருமையா இருக்கு" என்கிறாள். படிப்பு மனிதர்களை இப்படித்தான் ஆக்குமோ?

பக்கத்தில் போகும்போது கை தானாக நீளுகிறது. சட்டைப் பையில் விட்டுக்கொள்கிறேன். வீட்டில் வெல்லக் கட்டியைச் சின்னதாக உடைக்கப் பழகிவிட்டேன். ஒரு ஆளுக்கு.

அக்டோபர் 10

கூட்டுறவுத் தலைவர் கைக்கடிகாரத்தைக் கழற்றி வைத்துவிட்டு சாறு ஊற்றிய வாளியில் கையை விட்டார். அள்ளித் தேய்த்தார். கூழாங்கல் மாதிரி கரகரவென்று சத்தம். பக்கத்து வாளி இன்னும் சோற்றுக் கஞ்சியாக இருந்தது. இன்னொரு தரம் தேய்த்துப் பார்த்தார், சின்னப் பிள்ளை போல. எங்கள் கைராசியைப் பற்றி இந்தத் தடவை ஒன்றும் பேசவில்லை. எல்லாத் தோட்டங்களுக்கும் வேண்டும், அறுவடை முழுக்க வேண்டும் என்றார்.

யூரானி என்னைக் கட்டிக்கொண்டாள். தெயானிரா வந்தவர்களுக்கெல்லாம் வெல்லத் தண்ணீர் கொடுத்தாள். பட்டை போட்டு.

ஆர்பெயிடம் சொன்னேன். வேலை நிலைக்குமா என்று இரண்டு தரம் கேட்டான். பிறகு, "சரிம்மா, டிசம்பர்ல நாங்க வர்றோம்" என்றான்.

அக்டோபர் 29

நம் காபிக்கும் ஊற்றினேன். சாயங்காலம் உரித்தது, படுக்கப் போகுமுன் கழுவி முடிந்தது. பள்ளத்தாக்கு முழுக்க இப்போது இப்படித்தான். போன வருஷம் வரை இந்நேரம் எல்லாத் தோட்டத்திலும் விடியலுக்கு முன் விளக்கு எரியும். நாமும் எழுந்து தொட்டிக்குப் போவோம். நீ கையை விட்டு, கொழகொழப்பு போச்சா, தெரியலையே என்பாய். தெரியும் உனக்கு. என் கையைப் பிடித்து உள்ளே விட்டு, "உன் கை சொல்லட்டும்" என்பாய். சில்லென்ற கொழகொழப்புக்குள் இரண்டு கையும். இன்னும் ஆகலை, கொஞ்சம் போகட்டும் என்று அங்கேயே உட்கார்ந்திருப்போம், வெளுக்கும் வரை.

இப்போது மலையில் ஒரு விளக்கும் இல்லை. எல்லாரும் நிம்மதியாகத் தூங்குகிறார்கள். எங்கள் சாறு அவ்வளவு நல்ல சாறு. எனக்கு மட்டும் அதே நேரத்துக்கு விழிப்பு வந்துவிடுகிறது. தொட்டியில் ஒன்றும் இல்லை, கழுவிக் கவிழ்த்தாயிற்று.

இந்த நேரத்துக்கு எழுந்து நான் எங்கே போகட்டும், கோர்தோ?