தேவசகாயம் யார் என்று கேட்டார்கள்

டயகம, மேல் டிவிஷன்
17.2.1956

அன்பு மகள் பூரணிக்கு அப்பா எழுதுவது. ஆண்டவர் தயவில் நானும் அம்மாவும் நடமாடிக்கொண்டு இருக்கிறோம், நீயும் யாழ்ப்பாணத்து வெயிலில் வாடாமல் உன் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளோடு சுகமாக இருப்பாய் என்று நம்புகிறோம். அம்மாவுக்கு இருமல் விட்டது, காலையில் பெரட்டுக்குப் போய்க் கொழுந்து எடுக்கிறாள், என்னைத் திட்டவும் தெம்பு வந்துவிட்டது. எனக்குத்தான் அம்மாடி, பத்து நாளாகச் சோறு இறங்கவில்லை. பயம். மறைக்காமல் எழுதுகிறேன்.

போன வாரம் பிரஜாவுரிமை விசாரணைக்கு நுவரெலியாவுக்குக் கூப்பிட்டிருந்தார்கள். தேவசகாயம் என்று ஞானஸ்நானம் எடுப்பதற்கு முன்னாலேயே தோட்டத்தில் பேர் பதிந்ததால், ஆள் பேர் எழுதும் செக்ரோலில் நான் இன்னும் செல்லசாமிதான், உன் பிறப்பு அத்தாட்சியிலோ தகப்பன் பேர் தேவசகாயம். விசாரணை அதிகாரி மாத்தயா இரண்டு கடதாசியையும் ஒன்றாக வைத்து, நீ யாரு, இந்தத் தேவசகாயம் யாரு என்று கேட்டார். பக்கத்து வீட்டுக் காம்பராப் பெரியதம்பியின் மனுவை, அவருக்கு இரண்டு பெயர் இருந்ததால்தான் தள்ளினார்கள், அது ஞாபகம் வந்தது. நான் செல்லசாமிங்க, தேவசகாயம்னு யாரையும் எனக்குத் தெரியாதுங்க என்று சொல்லிவிட்டேன். அப்ப இந்தப் பொண்ணு உன் மகள் இல்லையா என்றார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். மகள் இல்லை என்று எழுதிக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை லயத்து ஜெபத்தில் வேதத்தில் புலம்பல் புஸ்தகத்தின் கடைசி அதிகாரத்தை வாசித்தேன், அதில் ஜனங்கள் தங்கள் நகரம் அழிந்து நிலம் அந்நியர் கைக்குப் போனதற்கு அழுகிறார்கள். நம்ம கதைதான் என்று எப்போதும் ஆவேசமாக வாசிப்பேன், மற்றவர்களைத் திட்ட நல்ல வசதி. இந்தத் தடவை, தகப்பன் இல்லாதவர்களானோம் என்ற வரியையே இரண்டு தடவை வாசித்தேன். உன்னை நானே அப்படி ஆக்கிவிட்டு வந்திருக்கிறேனே! கடைசியில் எங்களைத் திருப்பும் என்று வாசித்ததும் நம்ம லயத்து ராக்காயி எழுந்து, ஐயோ அண்ணே, அந்த வார்த்தைய மட்டும் சொல்லாதீங்க, ஆண்டவர் கேட்டுக்கிட்டு நம்மளக் கப்பல்ல ஏத்தி இந்தியாவுக்கே திருப்பி அனுப்பிடப் போறாரு என்று கத்தினாள். எல்லாரும் சிரித்தார்கள், எனக்கு வரவில்லை. அந்த ஜனங்கள் பாவம் செய்தோம் என்று ஒத்துக்கொண்ட பிறகுதான் எங்கள் மனதை உம் பக்கம் திருப்பும் என்று கேட்கிறார்கள், இத்தனை வருஷம் அதைத் தாண்டி வாசித்திருக்கிறேன். எங்கள் நாட்களைப் புதிதாக்கும் என்று அடுத்து வருவதை, பிரஜாவுரிமைக் கடதாசி கிடைக்கும் என்றுதான் நினைத்திருந்தேன். முதலில் புதிதாக வேண்டியது என் வாய்.

அதனால் திங்கட்கிழமை முதல் பஸ்ஸில் அந்த விசாரணைக் கந்தோருக்கே உண்மையைச் சொல்லத் திரும்பிப் போகிறேன். பொய் சொன்னவன் என்று குடும்பத்தையே தள்ளிவிட்டால் உன் உத்தியோகமும் போகும், அது தெரிந்துதான் போகிறேன். கோபம் வந்தால் திட்டி எழுது, எழுதாமல் மட்டும் இருந்துவிடாதே.

ஆண்டவர் உன்னைக் கைவிடாமல் காப்பாராக. அம்மா முத்தம் சொல்லச் சொன்னாள், வேளைக்குச் சாப்பிடு. திங்கட்கிழமை காலையில் எனக்காக ஜெபம் பண்ண மறந்துவிடாதே, அப்பா என்று மட்டும் சொல்லாமல் பேரையும் சொல்லிக் கேள்.

இப்படிக்கு,
உன் தகப்பன்
தேவசகாயம்