ஒன்றாம் தேதி உருண்டை எங்கும் போகமாட்டாள்

14.3.2025, வெள்ளிக்கிழமை
காலை மணி 10.40

அன்பு மகனுக்கு,

அப்பா எழுதுவது. இங்கு நானும் உன் மனைவியும் உன் மகள் உருண்டையும் சுகமாக இருக்கிறோம். நீயும் அங்கே வேளைக்குச் சாப்பிட்டு வேளைக்குத் தூங்கிச் சுகமாக இருப்பதாகவே நம்புகிறேன். தொலைபேசி இருக்கக் கடிதம் எதற்கு என்று கேட்பாய். 4ஆம் தேதி செவ்வாய்க்கிழமை நீ பேசிய பன்னிரண்டு நிமிடங்களில் என் பங்குக்கு ஒரு நிமிடமும் தேறவில்லை. கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது, அவ்வளவுதான் காரணம்.

நடந்ததை முதலில் ஒழுங்காகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் உனக்குப் பாதிதான் தெரியும். 3ஆம் தேதி திங்கட்கிழமை மாலை 5.20க்கு உன் மகள், பிறந்து பத்து மாதமும் இருபத்திரண்டு நாளும் ஆனவள், அலமாரியின் கீழ் இழுப்பறையைப் பிடித்துக்கொண்டு தானாக எழுந்து நின்றாள். மெல்ல எண்ணினால் ஆறு எண்ணும் நேரம். பிறகு இழுப்பறை வெளியே வழுக்கி வந்து நெற்றியில் இடித்தது, கோலிக்குண்டு அளவுக்கு வீங்கிவிட்டது. அன்றே டாக்டரிடம் காட்டினோம், பயப்பட ஒன்றுமில்லை என்றார். உன் மனைவி வீக்கத்தைப் படமெடுத்து உனக்கு அனுப்பினாள். குழந்தை நின்றதைப் படமெடுக்க யாருக்கும் கை ஓடவில்லை. நீ வீக்கத்தை மட்டும் பார்த்துவிட்டு உத்தரவு போட்டாய். குழந்தையை இனித் தரையில் விடக்கூடாது, நீ வாங்கி அனுப்பும் வாக்கரில்தான் உட்காரவேண்டும், அழுதால் செல்போனில் பாட்டுப் படம் காட்டவேண்டும், ஏப்ரல் ஒன்றாம் தேதி முதல் பகலில் காப்பகத்துக்குப் போகவேண்டும். "அப்பாவால அவ பின்னாடி ஓட முடியாது, எதுக்கு ரிஸ்க்" என்று நீ உன் மனைவியிடம் சொன்னதையும் அவள் தயங்கித் தயங்கி என்னிடம் சொன்னாள். என்னால் ஓட முடியாது என்பது உண்மைதான். உருண்டையும் ஓடவில்லை, தவழ்கிறாள். அந்த வேகத்துக்கு எழுபத்தொரு வயது தாராளமாகப் போதும்.

என் தவறையும் மறைக்கவில்லை. ஜனவரி 27ஆம் தேதி வரை அவள் தவழவே இல்லை, உருண்டுதான் போவாள், பட்டப்பெயரும் அப்படித்தான் வந்தது. குற்றம் என்னுடையது. தினமும் தரையை ஃபினாயில் போட்டு மூன்று தடவை துடைத்து, காய்ந்ததை உள்ளங்கையால் தொட்டுப் பார்த்து, யாராவது குறுக்கே நடந்துவிட்டால் மறுபடி முதலிலிருந்து துடைப்பேன். அது முடியும்வரை குழந்தை நாற்காலியில் வார் போட்டு உட்கார்ந்திருப்பாள். முடியும்போது அவளுக்குத் தூக்கம் வந்துவிடும். அந்த 27ஆம் தேதி பிசியோதெரபி அம்மாளிடம் கூட்டிப்போனோம். அவர் கைகால்களை எல்லாம் சோதித்துவிட்டு, குழந்தையிடம் குறை ஒன்றும் இல்லை என்று சொல்லி, என்னிடம் வீட்டு நடைமுறையைக் கேட்டார். நான் பெருமையாகவே சொன்னேன். "தரை நல்லா சுத்தமா இருக்கு, ரொம்ப சந்தோஷம் தாத்தா. குழந்தை எப்ப அதுல இறங்கும்?" என்று கேட்டார். உன் மனைவி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை, வீட்டுக்கு வந்து கணக்குப் பார்த்தேன். ஒரு நாளில் அவள் தரையில் இருந்தது சுமார் ஏழு நிமிடம்.

அன்று முதல் ஒரு தடவைதான் துடைக்கிறேன். காலை ஒன்பதிலிருந்து தரை அவளுடையது. அவளைக் குப்புறப் போட்டு நானும் எதிரே குப்புறப் படுத்துக்கொள்கிறேன், எழுந்திருக்கத்தான் நாற்காலி துணை வேண்டும். பந்தைத் துண்டுக்கு அடியில் ஒளித்தால் முதலில் விழிப்பாள், இப்போது துண்டை இழுத்து எறிந்துவிட்டு என்னைத் திருடனைப் பார்ப்பதுபோல் பார்க்கிறாள். தலையணைகளை வரிசையாகப் போட்டால் ஏறிக் கடக்கிறாள். கரண்டியைக் கீழே போடுவாள், நான் எடுத்துக் கொடுப்பேன், மறுபடி போடுவாள். நேற்று பத்தொன்பது தடவை. அவள் "ப்பூ" என்றால் நானும் "ப்பூ" என்று சொல்லிக் காத்திருப்பேன், யோசித்து வேறொன்று சொல்லுவாள். இதெல்லாம் பொழுதுபோக்கு இல்லை. "அவ எட்டிப் புடிக்கிறதும் விழறதும் திரும்ப ட்ரை பண்றதும்தான் மூளைக்குத் தீனி" என்று அந்த அம்மாள் தெளிவாகச் சொன்னார்.

பத்திரம் எனக்குத் தெரியாது என்று நினைக்காதே. முப்பத்திரண்டு வருடம் எடையளவு ஆய்வாளராகக் கடை கடையாகத் தராசைச் சோதித்தவன் நான். அட்டைக் குழாய் ஒன்று வைத்திருக்கிறேன், அதற்குள் நுழையும் அளவுள்ள பொருளைக் குழந்தை விழுங்கிவிடலாம் என்பதால் அப்படி எதுவும் தரைக்கு வராது. 4ஆம் தேதி காலையிலேயே, நீ பேசுவதற்கு முன்பே, இழுப்பறைகளுக்குக் கொக்கி போட்டு அலமாரியையும் சுவரோடு முடுக்கிவிட்டேன். உன் வாக்கர் 7ஆம் தேதி வந்து சேர்ந்தது. அது நடக்கக் கற்றுத்தராது, படிக்கட்டுப் பக்கம் உருண்டால் ஆபத்து என்று பிசியோதெரபி அம்மாள் சொன்னதால் பரண்மேல் ஏற்றிவிட்டேன். அது வந்த அட்டைப் பெட்டிக்குள் உன் மகள் புகுந்து புகுந்து வருகிறாள், அதற்கு மட்டும் உனக்கு நன்றி.

காப்பகத்தையும் பார்க்காமல் பேசவில்லை. 12ஆம் தேதி 11.15க்குப் போய் நாற்பது நிமிடம் உட்கார்ந்திருந்தேன். ஆறு வாக்கர், ஆறு குழந்தை, எதிரே ஒரு டிவி. ஒரு குழந்தைகூடத் தரையைத் தொடவில்லை. "இங்க ஒரு குழந்தையும் விழுந்ததே இல்ல சார்" என்றார் நடத்துகிற அம்மாள். "நிக்க விட்டாத்தானேம்மா விழறதுக்கு" என்று சொல்லிவிட்டு வந்தேன். எல்லாக் காப்பகமும் அப்படி என்று நான் சொல்லவில்லை, நீ தேர்ந்தெடுத்தது அப்படி. பகல் பொறுப்பாளர் என்று நான் கையெழுத்துப் போடவேண்டிய காப்பகத்தின் சேர்க்கைப் படிவத்தை வெறுமையாகவே உன் மனைவியிடம் திருப்பிக் கொடுத்தேன். "மாமா, அவரு கேட்டா நான் என்ன சொல்றது?" என்றாள். "மாமா கையெழுத்துப் போடலைன்னு சொல்லு, மீதிய நானே எழுதுறேன்" என்றேன். அவள் படிவத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள். நேற்று வேலையிலிருந்து வந்தவள் தோள்பையைக்கூடக் கழற்றாமல் தரையில் படுத்து, உருண்டையை மேலே ஏறவிட்டாள். அதை நான் பதிலாக எடுத்துக்கொண்டேன்.

ஆகையால் ஒன்றாம் தேதி அவள் எங்கும் போகமாட்டாள். நீ கோபப்படலாம், பேசாமலும் இருக்கலாம், என் முடிவு மாறாது. ஒன்று மட்டும் சொல்கிறேன். உனக்கு முதல் பல் முளைத்த தேதி, அம்மை ஊசி போட்ட தேதி, பள்ளியில் சேர்த்த தேதி எல்லாம் என் டைரியில் இருக்கின்றன. நீ முதன்முதலில் எழுந்து நின்ற தேதி இல்லை. நான் வெளியூர் ஆய்வில் இருந்தேன். திரும்பி வந்தபோது நீ நடந்துகொண்டிருந்தாய், உன் அம்மாவுக்கும் நாள் நினைவில்லை, கேட்பதற்கு இப்போது அவளும் இல்லை. உன் மகள் நின்ற தேதியும் மணியும் இந்தக் கடிதத்தில் மேலே இருக்கின்றன. வீக்கத்தின் படத்தை வைத்திருப்பதுபோல் இதையும் வைத்துக்கொள்.

நீ நீண்ட ஆயுளோடும் நல்ல பேரோடும் இருக்க என் ஆசி. மே மாத விடுமுறைக்கு இந்த 31ஆம் தேதிக்குள் விண்ணப்பம் கொடுத்துவிடு, தள்ளிப்போடாதே. வந்ததும் சூட்கேஸைத் திறக்காமல் முதலில் தரையில் உட்கார்.

இப்படிக்கு,
கையெழுத்துப் போடாத உன் அப்பா