படத்தின் மூலையில் நிற்பவளுக்கு

உன் கேமராவின் ஃபைண்டர் என் மேசைமேல் இருக்கிறது. கட்டைவிரல் நீளத்துக்கு வெள்ளி நிறத்தில் ஓர் உலோகக் குழாய், முன்னும் பின்னும் கண்ணாடி. தோல் உறையைத் திறந்ததும் அந்துருண்டை வாசனை அடித்தது. உன் பீரோ வாசனை. உன் துக்கத்துக்கு வந்தவர்கள் எல்லாரும் உன்னைப் பற்றி நல்லதாகவே பேசினார்கள். பேசட்டும். எனக்கு உன்மேல் இருக்கிற கோபம் நீ செத்ததால் ஒரு துளிகூடக் குறையவில்லை. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

கேமராவும் லென்ஸும் இப்போது என்னிடம்தான் இருக்கின்றன. உன் வீட்டுக்காரர் கொடுத்தார். ஏன் கொடுத்தார் என்பதற்கு வருகிறேன். கைக்கு வந்ததும் நான் செய்த முதல் வேலை, கேமராவின் தலையிலிருந்து இந்த ஃபைண்டரைக் கழற்றியதுதான்.

புதுச்சேரியில் அந்தப் பழுது பார்க்கிற கடைக்குப் போனோமே, நினைவிருக்கிறதா? கேமரா உன் பெரியப்பாவுடையது. லென்ஸ் வழியாகப் பார்க்காமல், பக்கத்தில் இருக்கிற சின்ன ஜன்னல் வழியாகப் பார்த்து எடுக்கிற பழைய ரேஞ்ச்ஃபைண்டர். சாதாரண லென்ஸுக்கு அந்த ஜன்னல் போதும். உனக்கு எதிலும் அகலக்கால்தானே? ஊரையே அள்ளிக்கொண்டு வருகிற இருபத்தொன்று எம்.எம். லென்ஸை வாங்கிவிட்டாய். அது பார்ப்பதில் பாதிகூட ஜன்னலில் தெரியவில்லை. அதற்காகத் தலையில் தனியாக ஒரு ஃபைண்டர் மாட்ட வேண்டும். ஜன்னலில் பார்த்து ஃபோகஸ், பிறகு கண்ணை மேலே ஏற்றி ஃபைண்டரில் பார்த்து எடுப்பது என்று இரண்டு வேலை.

கடைக்காரர் மஞ்சள் துணியை விரித்து அதன்மேல் இரண்டை வைத்தார். ஒன்று கறுப்பு பிளாஸ்டிக், ஒரு முனை உடைந்தது, இருபத்தொன்றுக்கென்றே செய்தது. இன்னொன்று இது. பளபளவென்று இருந்தாலும் இருபத்தெட்டுக்குச் செய்தது, உன் லென்ஸ் பார்ப்பதைவிடக் குறைவான இடத்தைத்தான் காட்டும். நான் கண்ணாடி போட்டவள். உன் உலோகத்தில் கண்ணை ஒட்டி வைத்தால்தான் ஓரம் தெரிந்தது, ஒட்டினால் என் கண்ணாடியில் கீறல் விழுந்தது. பிளாஸ்டிக்கில் கொஞ்சம் தள்ளிப் பார்த்தாலும் நான்கு மூலையும் தெரிந்தது. லென்ஸ் எதைப் பார்க்கிறதோ அதைக் காட்டாத ஃபைண்டர் எதற்கு, பிளாஸ்டிக்கை எடு என்று தலைபாடாக அடித்துக்கொண்டேன். கடைக்காரரும் அதையேதான் சொன்னார்.

நீ இரண்டையும் கேமராவில் மாற்றி மாற்றி மாட்டி, கடைக் கண்ணாடியில் உன்னைப் பார்த்துக்கொண்டாய்.

“அது மருந்து பாட்டில் மூடி மாதிரி கீதுடி. இத்தப் பாரு, நகை மாதிரி இருக்குது. ஓரத்துல இன்னா வந்தா இன்னா, பிரிண்ட்ல வெட்டிக்கினா போச்சு.”

அதன்பிறகு வெட்டுவதே உன் வேலையாகிவிட்டது. பனமலைக் கோயிலை ஏரிக்கரையில் நின்று எடுத்தாய். கழுவிப் பார்த்தால் வலது ஓரத்தில் என் ஸ்கூட்டியும் அதில் தொங்குகிற சாப்பாட்டுப் பையும். பொம்மையார்பாளையத்தில் வலை பின்னுகிறவரை எடுத்தாய். பக்கத்தில் யாரோ ஒருவருடைய பாதித் தொந்தி. கிட்டப் போய் எடுத்தால் தலை போய்விடும், ஏனென்றால் ஃபைண்டர் லென்ஸுக்கு மேலே இருக்கிறது, கொஞ்சம் நிமிர்த்திப் பிடிக்க வேண்டும். அதையும் சொன்னேன். நான் சொல்லி நீ எதைக் கேட்டாய்? விழுப்புரத்தில் என் ஃபோட்டோக் கடையில் உட்கார்ந்து, கம்ப்யூட்டரில் ஓரங்களை வெட்டி வெட்டித் தள்ளுவாய். நான் டீ வாங்கி வந்து வைப்பேன். சிரிப்பாகத்தான் இருந்தது, அப்போது.

எங்கள் வீட்டுக்கு எத்தனை முறை வந்திருப்பாய். திண்டிவனத்தில் காரை வீட்டில், நெல் அறுக்கிற குடும்பத்தில் இல்லை, அறுக்க ஆள் வைக்கிற குடும்பத்தில் பிறந்தவள் நீ. எங்கள் ஓட்டு வீட்டில் தரையில் உட்கார்ந்து கேப்பைக் களியும் கருவாட்டுக் குழம்பும் தின்றுவிட்டு, இன்னும் கொஞ்சம் ஊத்தும்மா என்பாய். என் அம்மாவை நீயும் அம்மா என்றுதான் கூப்பிட்டாய். அஞ்சலை என்கிற பெயரை நீ கேட்காத நாள் இல்லை. தெருவே அப்படித்தான் அவளைக் கூப்பிடும்.

அன்றைக்குக் கோலியனூருக்கு அந்தப் பக்கம் வேர்க்கடலைக் கொல்லையில் மல்லாட்டை பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். அம்மா கூலிக்குப் போயிருந்தாள். நீ கேமராவோடு வந்தாய். வந்தவள் படம் எடுத்தாயா? அம்மா உனக்கென்று வேகவைத்துத் தூக்கில் வைத்திருந்த மல்லாட்டையை உரித்து உரித்துத் தின்றுகொண்டிருந்தாய். அப்போது அம்மா ஒரு கொத்துச் செடியைப் பிடுங்கி, நிமிர்ந்து நின்று, மண் போக முழங்காலில் அடித்தாள். எதிர்வெயிலில் புழுதி அவளைச் சுற்றி எழுந்தது. நான்தான் முதலில் பார்த்தேன். எடுடி எடுடி என்று கத்தினேன். கையெல்லாம் உப்புத் தண்ணி, நீயே எடு என்று கழுத்திலிருந்து கேமராவைக் கழற்றி என்னிடம் கொடுத்தாய்.

ஃபோகஸ் பண்ணினேன். மேலே இந்த ஃபைண்டரில் பார்த்தேன். ஓரத்தில் நீ நின்றாய். தள்ளு என்றேன். ஓரடி தள்ளி, இப்ப தெரியுறனா என்று கேட்டாய். ஃபைண்டரில் நீ இல்லை. தெரியவில்லை என்று சொல்லிவிட்டு எடுத்தேன். ஒரே ஒரு படம். அதற்குள் அம்மா மறுபடி குனிந்துவிட்டாள்.

பிறகு அந்த ரோல் என்ன ஆயிற்று என்று கேட்கும்போதெல்லாம், வெளிச்சம் ஏறிப்போச்சு, ஒண்ணும் தேறல என்றாய்.

புதுச்சேரியில் உன் கண்காட்சிக்கு நானும் அம்மாவும் பஸ் ஏறி வந்தோம். அம்மா விசேஷத்துக்குக் கட்டுகிற புடவையைக் கட்டிக்கொண்டு, உனக்கென்று ஒரு பை பச்சை மல்லாட்டை கொண்டுவந்திருந்தாள். வாசலைத் தாண்டியதும் எதிர்ச் சுவரில் ஆள் உயரத்துக்கு அவளே நின்றாள். கையில் செடிக் கொத்து, சுற்றிலும் புழுதி. கீழே ‘பெயர் தெரியாத உழைப்பாளி’ என்று எழுதியிருந்தது. அதற்குக் கீழே உன் பெயர்.

அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. இன்னா எழுதிக்கீது என்று கேட்டாள். பொய் சொல்லியிருக்கலாம். அன்றைக்கு எனக்கு வாய் வரவில்லை, உள்ளதைப் படித்துக் காட்டிவிட்டேன். அம்மா கொஞ்ச நேரம் படத்தையே பார்த்தாள்.

“எம் பேரு அவளுக்குத் தெரியாதா?”

அவ்வளவுதான் கேட்டாள். மல்லாட்டைப் பையை அங்கேயே ஒரு நாற்காலியில் வைத்துவிட்டு, வா போவலாம், பஸ்ஸு போய்டும் என்றாள். பாவி, நீ அந்த நேரத்தில் யாரோ நாலு பேருக்கு நடுவில் நின்று, அந்த வெளிச்சத்துக்காக எத்தனை காலம் காத்திருந்தேன் என்று சொல்லிக்கொண்டிருந்தாய். எங்களைப் பார்த்தும் பார்க்காத மாதிரி திரும்பிக்கொண்டாய்.

மறுநாள் உன் வீட்டு வாசலில் வந்து கேட்டேன். உனக்குக் கண்கூடத் தாழவில்லை.

“கேமரா என்னுது, ஃபிலிம் என்னுது, கழுவுனது நானு. நீ பட்டனத்தானடி அமுக்குன?”

அம்மா பெயரைப் போட என்ன கேடு என்றேன். பெயர் போட்டால் அது உங்கள் அம்மா படமாகிவிடும், போடாவிட்டால்தான் எல்லாருக்கும் அம்மா என்று விளக்கம் வேறு சொன்னாய். அன்றோடு உன்னிடம் பேச்சை நிறுத்தினேன். படம் நிற்கவில்லை. ஏதோ பத்திரிகை அட்டையில் வந்தது. விழுப்புரம் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் காலண்டரில் தொங்கியது. அங்கே டீ குடிப்பதை விட்டேன். ராத்திரியும் பகலும் உன்னை எப்படிச் சந்தி சிரிக்க வைப்பது என்றே யோசித்தேன், என்னிடம் ஆதாரம் ஒன்றும் இல்லை. நெகட்டிவ் உன் பீரோவில் இருந்தது.

பிறகு நீ காய்ச்சல் என்று படுத்தாய், எழுந்திருக்கவில்லை. செய்தி வந்தபோது அழுதேன் என்று நினைக்காதே. என் கணக்கை முடிக்காமல் ஓடிவிட்டாயே என்றுதான் ஆத்திரம் வந்தது.

காரியம் முடிந்த சில நாளில் உன் வீட்டுக்காரர் ஒரு டப்பாவைத் தூக்கிக்கொண்டு என் கடைக்கு வந்தார். நமக்குள் என்ன நடந்தது என்று நீ அவரிடம் சொல்லவே இல்லை போலிருக்கிறது. படத்திறப்பு வைக்க வேண்டும், மாட்டுவதற்கு உன் படம் ஒன்றுகூட இல்லை என்றார். கல்யாண ஃபோட்டோவும் ஆதார் கார்டும்தான். அந்த ஒரு நாளைத் தவிர மற்றவர் கையில் கேமராவைக் கொடுக்கவே மாட்டாயே நீ. “அவ எடுத்த நெகட்டிவ்வு எல்லாம் இதுல கீது. எதுலயாவது அவ வந்துகிறாளா பாரும்மா” என்று டப்பாவை வைத்துவிட்டுப் போனார். கையெடுத்துக் கும்பிடலாம் போலிருந்தது எனக்கு. அவரை இல்லை, அந்த டப்பாவை.

அந்த ரோலைத் தேடி எடுத்து ஸ்கேனரில் வைத்தேன். திரையில் மெல்ல வந்தது. நடுவில் அம்மா. புழுதி. இடது ஓரத்தில், நீ அச்சிட்டபோது வெட்டி எறிந்த இடத்தில், நீ. முழு ஆளாக, வாய் நிறைய மல்லாட்டையோடு, கன்னம் உப்ப, என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு. ஃபைண்டரின் இருபத்தெட்டில் நீ இல்லை. லென்ஸின் இருபத்தொன்றில் இருந்தாய். நகை மாதிரி இருக்கிறது என்று வாங்கினாயே, அதுதான் உன்னைக் காட்டிக்கொடுத்தது. உன்னை நீயே வெட்டிப் போட்டால்தான் அந்தப் படம் உன்னுடையதாகும் என்று தெரிந்தே வெட்டியிருக்கிறாய்.

அவர் மறுபடி வந்தபோது திரையைத் திருப்பிக் காட்டினேன். உன்னைப் பார்த்ததும் அவருக்குக் கண் கலங்கிவிட்டது. துடைத்துக்கொண்டு, நடுவில் இருப்பதைப் பார்த்தார். அவர் வீட்டுக் கூடத்திலேயே மாட்டியிருக்கிற படம்தானே, தெரியாமல் இருக்குமா?

“இதுல அவ நிக்கிறா. அப்ப எடுத்தது யாரு?”

“நான்தாண்ணா. அது எங்கம்மா.”

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பிறகு, அந்த மூலையை மட்டும் பெரிசு பண்ணிக் கொடுக்க முடியுமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். முடியும். சுலபமான வேலை. உன் முகம் அவ்வளவு துல்லியமாக விழுந்திருந்தது. வெட்டித் தர மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். மாட்டினால் முழுசாக மாட்டுங்கள், இல்லாவிட்டால் ஆதார் கார்டைப் பெரிசு பண்ணிக்கொள்ளுங்கள் என்றேன். பெண்டாட்டியைப் பறிகொடுத்த மனுஷரிடம் பேசுகிற பேச்சா என்று நீ கேட்பாய். உன்னிடம் பேச வேண்டியதை வேறு யாரிடம் பேசுவேன்? அவர் தலையை ஆட்டினார்.

படத்திறப்புக்கு அம்மாவையும் அழைத்துக்கொண்டு திண்டிவனம் வந்தேன். உன் சொந்தக்காரர்கள் எல்லாரும் கூடத்தில் நின்றார்கள். துணியை இழுத்தார்கள். கோலியனூர்க் கொல்லை சுவர் முழுக்க விரிந்து கிடந்தது. நடுவில் என் அம்மா, ஓரத்தில் நீ. கீழே ‘அஞ்சலை, கோலியனூர். படம் எடுத்தவர்: மகள் வசந்தா’ என்று போட்டிருந்தேன். உன் பெயரை எங்கேயும் போடவில்லை. அதைப் படித்துவிட்டு உன் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார்.

பெரிய ரோஜா மாலை தட்டில் தயாராக இருந்தது. உன் நாத்தனார் அதை எடுத்துக்கொண்டு படத்தருகே போனவள் அப்படியே நின்றாள். உயிரோடு இருக்கிற பொம்பளை படத்துக்கு எப்படி மாலை போடுவது, அதுவும் அவள் இங்கேயே நிற்கும்போது என்று முணுமுணுத்தாள். ஆளாளுக்கு ஒரு யோசனை சொன்னார்கள். மாலை தட்டிலேயே கிடந்தது. எனக்குத் தேன் குடித்த மாதிரி இருந்தது. உனக்கு மாலைகூடக் கிடையாது என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன்.

அம்மாதான் முன்னால் வந்து, தன் தலையில் இருந்த பூவை எடுத்தாள்.

“அந்த மூலைல ஒரு துண்டு பூவ சொருவுங்க, போதும்” என்று சொல்லி, தானே எக்கிச் சொருகினாள். பிறகு என் பக்கம் திரும்பி, “பாவம்டி, துண்ணுக்கினு இருக்கும்போது எடுத்துட்டியே” என்றாள்.

இப்போது உன் வீட்டில் தினமும் விளக்கு என் அம்மாவுக்கு எதிரில்தான் எரிகிறது. உனக்கு ஒரு துண்டு மல்லிகை, மூலையில். கிளம்பும்போது உன் வீட்டுக்காரர் கேமராவைக் கொண்டுவந்து கொடுத்து, இது அவளைவிட உங்களுக்குத்தான் சேர வேண்டும் என்றார். வாங்கிக்கொண்டேன். வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.

கேமராவில் இப்போது பிளாஸ்டிக் ஃபைண்டர் மாட்டியிருக்கிறேன். இருபத்தொன்றுக்கு ஏற்றது. மருந்து பாட்டில் மூடி மாதிரிதான் இருக்கிறது, நான்கு மூலையும் தெரிகிறது. உன்னுடையதைப் பையிலேயே வைத்துக்கொண்டு திரிகிறேன். எதற்கு அந்தச் சனியன், தூக்கிப் போடு என்று அம்மா திட்டுகிறாள். உன் வீட்டு வாசலில் நின்று நீ என்னிடம் பேசியபோது உன் முகம் எப்படி இருந்தது என்பதை மறந்துவிடக் கூடாது என்றுதான் வைத்திருக்கிறேன். ஆனால் எத்தனை தடவை இதைக் கண்ணில் வைத்துப் பார்த்தாலும் அந்த முகம் வர மாட்டேன் என்கிறது. வாய் நிறைய மல்லாட்டையோடு, இப்ப தெரியுறனா என்று கேட்கிற முகம்தான் வருகிறது. அதற்காகவும் உன்னை மன்னிக்க மாட்டேன்.