நைனா, அந்தப் படத்தை மறுபடி எடுத்திருக்கிறார்கள்

இடைவேளைக்கு முன்பே கொலைகாரன் யாரென்று சொல்லிவிடும் என் நைனாவுக்கு,

பொன்னேரி கொட்டகையில் நீ மூன்று தடவை பார்த்த அந்தக் கொலைப் படத்தைப் புது ஆட்களை வைத்து மறுபடி எடுத்திருக்கிறார்கள். நேற்று நானும் அம்மாவும் டிவியில் பார்த்தோம். சரியான ஆமை வேகம். முதல் கொலை விழவே முக்கால் மணி நேரம். நீ இருந்திருந்தால், "இன்னாடா இது, இவன் கதவத் தொறக்கறதுக்குள்ள எறா நாறிப்பூடும்"னு கத்தியிருப்பாய்.

பழைய படத்தில் கத்திக்குத்துப் பட்ட போலீஸ்காரன் தூணைப் பிடித்துக்கொண்டு அலறுவானே, ஞாபகம் இருக்கிறதா? நீ விசில் அடிப்பாய். புதுப் படத்தில் அவன் காயத்தைச் சட்டைக்குள் மறைத்துக்கொண்டு மகளிடம், "சாப்டியாம்மா?" என்று கேட்கிறான். தம்ளரை வைக்கும் கை மட்டும் கொஞ்சம் தயங்குகிறது. அவ்வளவுதான் நடிப்பு.

நடுவில் வந்து எட்டிப்பார்த்த பக்கத்து வீட்டு ராணி அக்கா, "மூஞ்சில ஒண்ணுமே காட்டலயே, இதுக்கா இவனுக்குச் சம்பளம்?" என்றாள். நீயும் அதையேதான் சொல்லியிருப்பாய். நான் மட்டும் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்தக் கடைசி வாரம் நாம் இருவரும் ஏரித் தண்ணீரில் உட்கார்ந்து இறால் தடவிப் பிடித்துக்கொண்டிருந்தோம். கை இரண்டும் சேற்றுக்குள் இருக்கும். பிடித்த எறாவைப் போடும் ஓலைப் பறியின் கயிறு பல்லில் இருக்கும். வாய் திறந்தால் பறி போய்விடும். உன் தாடை இறுகிக் கழுத்து நரம்பு புடைத்திருந்தது. பறி கனம் என்று நினைத்து, "நல்ல எறா போல நைனா"னு சிரித்தேன், பாவி. கரையில் கவிழ்த்தபோது ஒரு கைப்பிடிகூட இல்லை. துப்பு கண்ணெதிரில் கிடந்தும் எனக்கு உறைக்கவில்லையே! மூன்றாம் நாள் தண்ணீரிலேயே சாய்ந்தாய். பல நாளாக நெஞ்சுவலி இருந்திருக்கும் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள்.

படம் நல்ல படம், நைனா. அந்த ஆள் நடித்தது சரி. ஒரே குறை, கடைசியில் மகள் காயத்தைக் கண்டுபிடித்து அவனைக் காப்பாற்றிவிடுகிறாள். அந்த இடத்தில் எழுந்துபோய் டிவியை அணைத்தேன்.

அப்போதுதான் அம்மா வாயைத் திறந்தாள். "அவருக்கு வலினு எனக்குத் தெரியும்டி. உனக்குத் தெரிஞ்சா நீ அவர ஏரில எறங்க வுடமாட்டேனு, கையில அடிச்சு சத்தியம் வாங்கிக்கினாரு."

ஏன் நைனா? அவளுக்குத் தெரியலாம், எனக்குத் தெரியக்கூடாதா? கூடவே தண்ணீரில் உட்கார்ந்திருந்தவள் நான்தானே?

அவளை மன்னிக்க முடியவில்லை. என்னையும்தான். இனி முடியும் என்றும் தோன்றவில்லை. "சரிம்மா, வுடு" என்று சொல்லிவிட்டு உலையில் அரிசி போட்டேன். அவள் நம்பிவிட்டாள். அவள் இருக்கும்வரை இப்படியே நம்ப வைப்பேன். இது உனக்கு நான் செய்யும் சத்தியம்.

பக்கத்திலேயே இருந்தும் பார்க்காத
உன் பெரிய பொண்ணு,
கௌரி