கல்வாழைத் தூர்

பிள்ளைகளின் அப்பாவுக்கு,

இன்று உங்கள் தம்பி வந்தார். விக்கிரமசிங்கபுரத்துப் புதுவீட்டில் நட நம் கல்வாழையில் பாதி கேட்டீர்களாம். அங்கே இருப்பவளுக்குச் சிவப்புப் பூ பிடிக்குமாம்.

நான் மண்வெட்டியை எடுத்தபோதுதான் மிச்சத்தையும் சொன்னார். "மதினி, மூத்தவளையும் கூட்டியாரச் சொன்னாவ. ஆளுக்கொரு பிள்ளைன்னா உங்களுக்கும் பாரம் கொறையும்லா."

சின்னவள் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். அக்காவின் செருப்பை அரிசிப் பானைக்குள் ஒளித்துவிட்டாள். செருப்பில்லாமல் யாரும் ஊருக்குப் போகமாட்டார்கள் என்று நினைப்பு.

கல்வாழையைப் பிரிப்பது ஒன்றும் கஷ்டமில்லை. வெட்டுகிற கிழங்கில் ஒரு முளை இருந்தால் போதும், இரண்டு பக்கமும் பிழைத்துக்கொள்ளும். ஆனாலும் வெட்ட எனக்குக் கை வரவில்லை. தூரோடு பெயர்த்து, சாக்கில் கட்டி, முழுவதையும் வண்டியில் ஏற்றிவிட்டேன்.

"பாதிதானே மதினி கேட்டாவ?" என்றார் தம்பி.

"இங்கன எதையும் பாதியாக்கிக் கொடுக்கதில்லன்னு உங்க அண்ணன்கிட்ட சொல்லுங்க."

இதைப் படிக்கும்போது நட்டிருப்பீர்கள். பாத்திரம் கழுவுகிற தண்ணீரே அதற்குப் போதும். மூத்தவளை நாளையிலிருந்து நானே பள்ளிக்கூடத்தில் விட்டு, நானே கூட்டி வருவேன். வாசலில் யாரும் வந்து நிற்க வேண்டாம்.

இப்படிக்கு,
இரண்டு பேருக்கும் அம்மா